ஈரம் பார்த்துப் போட்ட உப்பு

என் கணவரின் அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் லேசுப்பட்டதில்லை. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பிக்கும். பட்டாசு கம்பெனி வேனில் என்னோடு ஏறும், பேக்கிங் ஷெட்டில் என் பக்கத்திலேயே உட்காரும், சாயங்காலம் உலை வைக்கும்வரை கூடவே இருக்கும். வேனில் வருகிறவர்கள், "என்னக்கா, தனியாப் பேசிக்கிட்டு வாரீக?" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். அந்த மனுஷரை நாலு பேர் முன்னால் எப்படித் தலைகுனிய வைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருப்பேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் மண், வானம் பார்த்த வெள்ளாமை. மாமனார் காலத்துக்குப் பிறகு நிலத்தைப் பிரித்தபோது மேல்காடு எங்களுக்கு வந்தது, கீழ்க்காடு அவருக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு, அந்த வரப்பில் ஒரு மடை. எங்கள் காட்டில் பெய்கிற மழை அந்த மடை வழியாக அவர் காட்டில் இறங்கி, அதற்கும் கீழே இருக்கிற ஓடையில் சேரும். பிரிக்கும்போது எல்லாரும் பார்த்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

என் கணவர் லாரி டிரைவர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் காடு என் பொறுப்பாயிற்று. பொறுப்பு என்று சொல்கிறேனே தவிர, எனக்கு அது ஆசை. எங்கள் பக்கத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால், கம்பெனிக்குப் போனவர்களின் வீட்டு ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி ஒரு சத்தம் கேட்டு என் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கழுவாத கையோடு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடியிருக்கிறாள். வெடித்தது வேறு கம்பெனி. நான் வேனை விட்டு இறங்கியபோது அவள் கையில் சோறு காய்ந்து போயிருந்தது. இந்த நாலு ஏக்கரை ஒழுங்காக விளைய வைத்தால் அந்த வேனில் ஏற வேண்டியதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதைக் கெடுக்கத்தான் என் கணவரின் அண்ணன் வந்தார்.

ஒரு ஆடி மாதம் அவர் காட்டில் ஜேசிபி வேலை நடந்தது. போகிற போக்கில் நடுவரப்பையும் இடுப்பளவுக்கு உயர்த்தி, மடையைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார். நான் கம்பெனிக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்து கேட்டதற்கு, "ஒங் காட்டுத் தண்ணி வந்து எம் பயிர அழுகடிக்குது. அவனவன் தண்ணிய அவனவன் வச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். கணவருக்குப் போன் போட்டேன். அவர் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். "அண்ணன் செஞ்சா சரியாத்தான் செய்யும், விடு" என்றார். லாரியை அத்தனை ஊர் தாண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு அண்ணன் என்றால் மட்டும் கியர் விழாது.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. மேட்டுக் காடாக இருந்தும் என் மக்காச்சோளம் குளத்துக்குள் நின்றது. கணுக்கால் வரை தண்ணீர். அடி இலை மஞ்சளாகி, பிறகு நடு இலையும் மஞ்சளாகி, ஆள் உயரம் வர வேண்டிய பயிர் முழங்காலிலேயே நின்றுவிட்டது.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பு என்று நாங்கள் சொல்வது யூரியாவைத்தான். எங்கள் ஊர்களில் உப்புப் போடுகிற நாளைப் பட்டாசு கம்பெனிதான் குறிக்கிறது. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளை அடைத்துவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை எல்லாருக்கும் லீவு. வீட்டில் ஆள் இருக்கிறது, பயிரும் உப்புக் கேட்கிற பருவத்தில் இருக்கிறது. மண் காய்ந்து கிடந்தாலும் சரி, சேறாகிக் கிடந்தாலும் சரி, லீவு முடிவதற்குள் உப்பை வீசிவிட்டு வேனில் ஏறிவிட வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். லீவு போட்டால் வேலை போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கு இருந்தால் அவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி உப்பை வீசினேன். பயிர் திரும்பவில்லை. பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை வீசினேன். மஞ்சள் கூடியதே ஒழியக் குறையவில்லை. பிறகுதான் கோபம் தலைக்கேறி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"மம்பட்டியக் கீழ போடு."

"தண்ணி நின்னு பயிரு சாகுது மச்சான். நீங்களே பாக்குறீகள்ல? மடையத் தெறந்து விடுங்க."

"தண்ணியில எந்தப் பயிரும் சாகாது. உப்புப் போடத் துப்பில்லேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு வரப்பை விட்டு நகரவே இல்லை. அவர் காட்டில் தண்ணீர் வடிந்து பயிர் கருகருவென்று நின்றது. நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். அழுகை நின்ற இடத்திலிருந்துதான் நான் முதலில் சொன்ன அந்தக் கோபம் ஆரம்பித்தது.

பங்குனியில் குலசாமி கோயில் பொங்கல். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், பந்தி முடிகிற நேரத்தில் அவர் ஆரம்பித்தார். என் காட்டைப் பற்றி. ஒரு கதிர்கூட உருப்படியாக வரவில்லையாம். பெண்பிள்ளை கையில் கொடுத்தால் காடு தரிசாகத்தான் போகுமாம். "ஒரு உப்புக்கூடப் போடத் தெரியலே. இன்னொரு வருசம் பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா காட்ட நானே உழுதுக்கிடுதேன்" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். லீவில் வந்திருந்த என் கணவரும் தலையாட்டினார். அதோடு அண்ணன் விட்டாரா? நான் மண்வெட்டியோடு போனதையும் சொல்லி, இரண்டு பேரும் சம்மதிக்காமல் அந்த வரப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சாமி முன்னால் வாக்கு வாங்கினார். நானும் கற்பூரத்தின் மேல் கை வைத்தேன். அவரும் வைத்தார்.

பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அழுது காட்டி அவரைச் சந்தோஷப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

பழி வாங்க வேண்டும் என்றால் முதலில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் காட்டின் நடுவே ஒரு கரண்ட் கம்பம் இருக்கிறது. கம்பத்தைச் சுற்றி மண் கொஞ்சம் மேடு. அத்தனை பயிரும் மஞ்சளாகிக் கிடந்தபோது, அந்த மேட்டில் நின்ற பயிர்கள் மட்டும் பச்சையாக இருந்தன. அவற்றுக்கும் அதே உப்புதான், அதே கைதான் வீசியது. பள்ளத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. மேட்டுப் பயிரின் வேர் வெள்ளையாக இருந்தது.

இதை விவசாய ஆபீஸில் இருந்த ஒரு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "பயிருக்கு நீங்க சாப்பாடு போட்டீங்க, ஆனா அதால சாப்பிட முடியல. தண்ணி நின்னா மண்ணுல காத்து இருக்காது. வேருக்கு மூச்சு முட்டும். போட்ட தழைச்சத்துல கொஞ்சம் தண்ணியோட கீழ எறங்கிரும், கொஞ்சம் காத்தாப் போயிரும்" என்றார். அப்படியானால் காய்ந்திருக்கும்போது போட்டால் நிற்குமா என்று கேட்டேன். "அதுவும் ஆகாது. கரையத் தண்ணி இல்லேன்னா வேரு எதை உறிஞ்சும்? மேலாப்புல கெடந்தா வெயில்ல நெடியாப் பறந்துரும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்க. உருண்டையாகணும், கீழ போட்டா உதிரணும். அந்த ஈரத்துல பயிருக்குப் பக்கத்துல போட்டு மண்ணை மூடிருங்க" என்றார்.

எழுந்து வரும்போது ஒன்று கேட்டேன். வரப்பு உயரமாக இருந்தால், மழை குறைந்த வருடத்தில் என்ன ஆகும்? அந்த அம்மா சிரித்தார். "மானாவாரிக்கு நாங்களே வரப்பை உயர்த்தத்தான் சொல்றோம். பெஞ்சதெல்லாம் உங்க காட்டுலயே நிக்குமே" என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குலசாமியை வேண்டிக்கொண்டே வந்தேன். மழை குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே விவசாயி அந்த வருடம் நானாகத்தான் இருப்பேன்.

வேண்டுதல் பலித்தது. புரட்டாசியில் ஒரு மழை. அந்த ஈரத்தில் ஊரே விதைத்தது. அதற்குப் பிறகு வானம் வெளுத்துப் போய் மழையே இல்லை. கம்பெனிகளில் சந்தோஷம், சீசன் நேரத்தில் மழை இல்லாவிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். போன வருட வெள்ளத்தில் கண்ட பயத்தில் என் கணவரின் அண்ணன் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தார். தண்ணீர் நிற்கவே கூடாது என்று தன் காட்டுக்குக் குறுக்கே ஆழமான வாய்க்கால்கள் எடுத்து, நேராக ஓடைக்கு விட்டிருந்தார். அதைப் பார்த்தபோது வாயைத் திறந்து சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

தீபாவளி முடிந்தது. லீவு வந்தது. ஊரே உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனது. அவரும் அவர் மனைவியும் கீழ்க்காட்டில் வீசினார்கள். அவர் மனைவி எனக்கு அக்கா முறை, என் கம்பெனியிலேயே வேறு ஷெட்டில் வேலை. மண் வெடித்துக் கிடந்தது. வெள்ளை வெள்ளையாக உப்பு வெடிப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் என் பக்கத்தில் நின்று களை பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"என்ன, இந்த வருசமும் உப்பு இல்லையா?"

"ஈரம் பாத்துப் போடுவோம் மச்சான்."

"லீவு முடிஞ்ச பொறவு யாரு போடுவா? ஒங் கம்பெனி மொதலாளியா?" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். மச்சான், இதைப் போடாதீக, வீணாப் போகும் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. மறுநாள் வெயிலில் அவர் காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தபோது உப்பின் நெடி மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றேன். அவ்வளவு நல்லதொரு வாசனையை நான் மல்லிகைப் பூவில்கூட முகர்ந்ததில்லை.

கம்பெனி திறந்தார்கள். எல்லாரும் வேனில் ஏறினோம். அதற்குப் பிறகுதான் கடலில் எங்கோ புயல் சின்னம் என்று ஒரு மழை வந்தது. ஒரே ஒரு மழை, ஆனால் நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் காட்டுக்குப் போனேன். அவர் கட்டிய வரப்பு ஒரு சொட்டைக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்தது. வெடிப்புகள் எல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன, குமிழ் வருவது கண்ணுக்குத் தெரிந்தது. கீழ்க்காட்டிலோ விழுந்தது விழுந்தபடி வாய்க்கால்களில் ஓடி ஓடையில் இறங்கிவிட்டது. மண் ஒரு விரல் ஆழம் நனைந்திருந்தது. வெயிலுக்குப் பறந்தது போக மிச்சம் இருந்த உப்பும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. அந்த வருடம் ஓடைக்கரைப் புல் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்துவிட்டு ஊர் ஆடெல்லாம் அங்கேதான் கிடந்தன.

அவர் வரப்பின் மேல் வந்து நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரம் இருமினார்.

"ஏத்தா."

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"உப்பு இன்னொருக்கா வாங்கி வச்சிருக்கேன். எங் காட்டுல ஈரம் பத்தாது. இங்கன அம்புட்டுத் தண்ணி சும்மாதான கெடக்கு? மடையச் சித்த தொறந்துவிட்டா எனக்கும் ஆகும், ஒனக்கும் பயிரு அழுகாது" என்றார்.

"அழுகட்டும் மச்சான்."

"என்ன பேச்சு இது?"

"தண்ணியில எந்தப் பயிரும் சாகாதுன்னு நீங்கதான சொன்னீக? அவுகவுக தண்ணிய அவுகவுக வச்சுக்கிட வேண்டியதுதான்னும் சொன்னீக. அதுவும் போக, ரெண்டு பேரும் சம்மதிக்காம வரப்புல கை வைக்கக் கூடாதுன்னு சாமி முன்னால வாக்கு இருக்கு. எனக்குச் சம்மதம் இல்ல."

அவர் முகம் செத்துப் போனது. அதை மிகவும் நிதானமாகப் பார்த்தேன். மாலையில் அக்கா வந்து, "பிள்ளைகளுக்காகவாச்சும்" என்று கையைப் பிடித்தாள். நெஞ்சில் ஏதோ அசைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோயிலில் அவர் பேசியபோது இதே அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். "எம் பிள்ளையும் பிள்ளைதாங்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு தினமும் வேன் ஏறுவதற்கு முன் காட்டுக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். முதலில் சேறாக விரலிடுக்கில் வழிந்தது. பிறகு கையில் ஒட்டியது. ஒருநாள் காலை உருண்டை பிடித்தது, கீழே போட்டதும் உதிர்ந்தது. அப்படியே கம்பெனிக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன். ஆர்டர் நெருக்குகிற நேரத்தில் லீவா, இனிமேல் வராதே என்று போர்மேன் கத்தினார். கத்தட்டும் என்று வைத்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் ஒருத்தியாகக் குனிந்து, பயிருக்குப் பயிர் குழி தோண்டி, உப்பைப் போட்டு, மண்ணை மூடினேன். பொழுது சாயும்போது அரை ஏக்கர்தான் முடிந்திருந்தது. காடு முடியும்வரை கம்பெனிப் பக்கமே போகவில்லை. இடுப்பு நிமிரவில்லை. ஒவ்வொரு குழியிலும் அவரைத்தான் போட்டு மூடினேன்.

பயிர் கேட்ட மாதிரி எழுந்தது. இலை கரும்பச்சையாகி, ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்தது. அதிகமாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று மகள் சொல்லுவாள். படைப்புழு கொஞ்சம் தின்றது, பன்றி கொஞ்சம் தின்றது. தின்றும் மிச்சம் இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் பயிர் இடுப்பு உயரத்தில் வெளிறிப் போய் நின்றது. கதிர் வந்ததில் பாதி மணி பிடிக்காத பொக்கு.

கதிர் அடிக்கும் மிஷின் வருகிற நாளுக்கு நான் வீடு வீடாகப் போய் அழைத்தேன். கோயிலில் தலையாட்டிய ஒருவரையும் விடவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, பெரியவர்களே நீங்கள் வர வேண்டும் என்று பணிவாக அழைத்தேன். களத்தில் முதல் அள்ளு வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளைதான் அள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வராமல் இருந்தால் அவருக்குத்தான் அசிங்கம். வந்தார். என் கணவரும் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார், அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. மணி மணியாக மஞ்சள் கொட்டியது. தானியம் அள்ளுகிற சொளகை அவர் கையில் கொடுத்து, "நீங்கதான் மச்சான் மூத்தவுக, ஒங்க கையால அள்ளுங்க" என்றேன். அள்ளினார். முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். தூசியில் தெரியவில்லை. அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர், "சாமி முன்னால ஒரு பேச்சு இருந்துச்சே, இனி மேக்காட்ட யாரு பாக்குறது?" என்று உரக்கக் கேட்டார். எல்லாரும் என் கணவரின் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சொளகைப் பார்த்தபடியே ஏதோ முணுமுணுத்தார்.

நான் மிஷின்காரரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். நின்றது.

"மிஷின் சத்தத்துல கேக்கல மச்சான். இப்பச் சொல்லுங்க."

"ஒங் காட்ட நீயே பாருன்னேன்."

"இன்னுங் கொஞ்சம் சத்தமா. அங்கன கடைசியில நிக்கிறவுகளுக்கும் கேக்கணும்ல."

சொன்னார். அவர் முதல் தடவை முணுமுணுத்ததே எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.